வெளிச்சவீட்டுக்குச் சீமெந்து பூசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பழைய வெளிச்சவீடுகள் பற்றி வந்த கேள்விகளை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வரலாறு கேட்டவர்கள் சிலர். பூச்சு கழன்று விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டவர்கள் பலர். ஆகவே பூச்சுப் பற்றிய பதில் நீண்டுவிட்டது. அதை யாரும் பாய்ந்து கடந்துவிட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கல்வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பயன்படும்.

கேள்வி: நாங்கள் வெளிச்சவீடு என்கிறோம். பிள்ளையின் பாடப்புத்தகத்தில் கலங்கரை விளக்கம் என்று இருக்கிறது. எது சரி? (சாவகச்சேரி வாசகி)

பதில்: இரண்டும் சரி. வெளிச்சவீடு நமது ஊர்ப் பேச்சுச் சொல். கலங்கரை விளக்கம் பழைய இலக்கியச் சொல். அதில் உள்ள ‘கரை’யைப் பலர் கடற்கரை என்று நினைக்கிறார்கள். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம் என்பது பொருள். ஏணி சாத்தி ஏறும் உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் தீ மூட்டிக் கலங்களைத் துறைக்கு அழைத்த செய்தி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

கேள்வி: பருத்தித்துறை வெளிச்சம் கோடிக்கரை மட்டும் தெரியும் என்று எங்கள் அப்பு சொல்லுவார். உண்மையா? இவ்வளவு உயரமாக ஏன் கட்டினார்கள்? (கற்கோவளம் வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருத்தித்துறை வெளிச்சவீடும் காரைநகர்க் கோவளம் வெளிச்சவீடும் 1916இல் எழுந்தவை. இரண்டும் ஏறக்குறைய 30 மீற்றர், அதாவது 100 அடி உயரம். விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதை முதலில் தீர்மானிப்பது பூமியின் வளைவு. விளக்கின் உயரத்துக்கும் பார்ப்பவர் கண்ணின் உயரத்துக்கும், கடல்மட்டத்திலிருந்து மீற்றரில், தனித்தனியே வர்க்கமூலம் எடுங்கள். இரண்டையும் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் தூரம் கடல் மைலில் வரும்.

விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் 30 மீற்றரில் இருக்கிறது என்று வைப்போம். வள்ளத்தில் இருப்பவரின் கண் 1.5 மீற்றரில். விடை 13.9 கடல் மைல், ஏறக்குறைய 26 கிலோமீற்றர். அவர் எழுந்து அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், நின்று கண் 3 மீற்றருக்கு வந்தால் 15 கடல் மைல், ஏறக்குறைய 28 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தமிழகக் கரையிலுள்ள கோடிக்கரை 60 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே கோடிக்கரைக் கரையில் நிற்பவருக்கு விளக்கு நேரே தெரிய வழியில்லை. ஆனால் அடிவானத்துக்குக் கீழே போன விளக்கின் ஒளி ஈரக் காற்றிலும் மேகத்தின் அடியிலும் பட்டுச் சிதறி, மெல்லிய வெளிச்ச வீச்சாகத் தெரிவதுண்டு. நடுக்கடல் என்பது அந்த 28 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால்தான் வருகிறது. அப்பு காலத்து ஆட்கள் பாதிவழியில் நின்று அந்த வீச்சைக் கண்டிருந்தால் அது பொய்யல்ல.

உயரத்துக்குக் காரணம் நமது நிலம். தெற்கே பாறை முனையில் கட்டினால் பாறையே பாதி உயரத்தைக் கொடுத்துவிடும். இங்கே குன்றில்லை. கடலிலிருந்து பார்த்தால் வடகரை முழுவதும் ஒரே பனைவரிசை. எந்த இடம் எந்தத் துறை என்று பகலிலும் பிரித்தறிய முடியாது. பனையின் தலைக்கு மேலே எழும் வெள்ளைக் கோபுரம் பகலுக்கான அடையாளம், உச்சி விளக்கு இரவுக்கான அடையாளம். பாக்கு நீரிணையோ ஆழம் குறைந்தது. திசை பிசகினால் கலம் தரைதட்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது. அத்தகைய கலங்களும் ஆட்களும் நிறைந்திருந்த கரை இது என்பதையும் இந்த உயரத்தோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியிலுள்ள பழைய வெளிச்சவீட்டின் அடிப்பாகத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. சில வருடங்களுக்கு முன் நல்ல சீமெந்தால்தான் பூசினார்கள். சீமெந்து பூசியும் ஏன் நிற்கவில்லை? எங்கள் சனசமூக நிலையம் திருத்தப் பணம் சேர்க்கிறது. எதைக்கொண்டு பூசவேண்டும்? (தீவகத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சீமெந்து பூசியதால்தான் நிற்கவில்லை. ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் பணம் வீணாகாது.

நமது பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை முருகைக்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தால் சேர்த்துக் கட்டியவை. இந்தக் கல்லில் நுண்ணிய துளைகள் நிறைய. நிலத்திலிருந்து ஈரம் ஏறும், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவைக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை உள்ளே போன ஈரம் அதன் வழியாகவே வெளியே வந்து உலர்ந்துவிடும். உப்பும் பூச்சின் மேற்பரப்பில் பூத்து மழையில் கழுவுண்டு போகும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் சீமெந்துக்குப் பின்னால் நிற்கிறது, உப்பு அங்கேயே பளிங்காகிறது. சீமெந்திலும் தன் பங்குக்குக் கரையும் உப்புகள் உண்டு.

கறியுப்பு காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரையும், அதற்குக் கீழே போனால் திரும்பப் பளிங்காகும். நமது கரையில் இரவில் ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலே, வெயில் ஏறிய நடுப்பகலில் பல நாட்களில் கீழே. அதாவது ஒரே உப்பு ஒரே துளைக்குள் நாளுக்கு ஒருமுறை கரைந்து ஒருமுறை பளிங்காகி, ஒவ்வொரு முறையும் துளையின் சுவரைத் தள்ளுகிறது. பழுதாவது கல். சீமெந்துத் தோல் விழும்போது ஒரு விரற்கடை கல்லையும் கட்டிக்கொண்டு விழுகிறது. நீங்கள் தரையில் பொறுக்கும் பொருக்கின் உட்பக்கத்தைப் பாருங்கள், கல்தூள் ஒட்டியிருக்கும்.

ஆனால் ஒன்று. உங்கள் கோபுரம் உண்மையில் சுண்ணாம்புக் கட்டுத்தானா என்று பார்க்காமல் வேலை தொடங்கவேண்டாம். 1916 காலத்தில் போட்லண்ட் சீமெந்து கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தது. சில கட்டடங்களில் அடி கொங்கிறீட்டாகவும் மேல் கல்லாகவும் இருக்கும். கழன்ற ஓரிடத்தில் மூட்டுச் சாந்தைப் பேனாக்கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகவோ மங்கல் மஞ்சளாகவோ இருந்து, சுலபமாக உதிர்ந்து, நடுவே சிறு வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கத்தி வழுக்கினால் சீமெந்து. கோபுரத்தின் நான்கு பக்கத்திலும், அடியிலும் நடுவிலும் உச்சியிலும் பார்க்கவேண்டும்.

சுண்ணாம்புக் கட்டு என்றால் வேலையின் ஒழுங்கு இது. முதலில் மரச்சுத்தியலால் சுவர் முழுவதும் தட்டி, ஓட்டைச் சத்தம் கேட்கும் இடங்களைக் கரிக்கட்டியால் வட்டமிடுங்கள். அந்த இடங்களின் சீமெந்தை மட்டும் சிறிய உளியால் ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். மின்சார உடைப்பான் கூடவே கூடாது. அதன் அதிர்வு பின்னாலுள்ள பழைய மூட்டுகளை அசைத்துவிடும். சீமெந்து கல்லோடு இறுகப் பிடித்து, எடுத்தால் கல்லும் உடையும் என்றால் அந்தத் துண்டை அப்படியே விடுங்கள். மேசன்மார் ‘எல்லாத்தையும் கொத்தி எடுத்தால்தான் வடிவாக இருக்கும்’ என்பார்கள். அதற்கு உடன்படவேண்டாம்.

பிறகு சுவர் உலரவேண்டும். குறைந்தது ஒரு கோடை முழுவதும் திறந்து விடுங்கள். இதைத்தான் ஒருவரும் பொறுப்பதில்லை. பணம் கையில் இருக்கும்போது ஆறு மாதம் சும்மா இருப்பது கடினம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஈரச் சுவரின்மேல் எதைப் பூசினாலும் அது நிலைக்காது.

உலரும் காலத்தில் உப்பை அளக்கலாம். ஒரு புள்ளியில் 1 சதமீற்றர் ஆழம்வரை, பிறகு 3 வரை, பிறகு 5 வரை என்று தனித்தனியே துளைத்துத் தூள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 10 கிராமை 100 மில்லிலீற்றர் காய்ச்சிவடித்த நீரில் கலக்கி, ஒரு மணிநேரம் தெளியவிட்டு, குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படுத்தும் கைக்கருவியால் கரைந்த உப்பின் அளவைப் பாருங்கள். வெறும் நீரின் அளவைக் கழித்துவிடுங்கள். மேலே கூடவும் உள்ளே குறையவும் இருந்தால் உப்பு வெளியே வந்துகொண்டிருக்கிறது, பற்றுப்போட்டு எடுக்கலாம். உள்ளேயும் அதேயளவு என்றால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வடிகாலையும் அடித்தரையையும் முதலில் சரிசெய்யவேண்டும். அடியைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டிருந்தால், சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு அதை வெட்டியெடுத்துச் சல்லி நிரப்புவதே பல இடங்களில் பாதி வைத்தியம்.

பற்றுக்கு வெள்ளைக் களிமண்ணும் கழுவிய மணலும் அச்சடிக்காத தாள்கூழும் போதும். மழைநீரிலோ காய்ச்சிவடித்த நீரிலோ குழைத்து, சுவரை ஈரமாக்கி, ஒன்றரை சதமீற்றர் தடிப்பில் அப்புங்கள். உலர உலர அது உப்பை உறிஞ்சும். காய்ந்து வெடித்ததும், இரண்டு மூன்று வாரத்தில், உரித்துத் தூரக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். கோபுரத்தடியில் கொட்டினால் அடுத்த மாரியில் அதே உப்பு அதே சுவருக்கு ஏறும். இப்படி இரண்டு மூன்று தடவை, அளவு இறங்கும்வரை.

பூச்சுக்குச் சுண்ணாம்புக்களி (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணியில் நீற்றி ஊறவைத்தது, செய்முறை அடுத்த பதிலில்) 1 பங்கு, மணல் இரண்டரைப் பங்கு. மழை அடிக்கும் பக்கத்துக்கும் அடிப்பாகத்துக்கும் மிதமான சூட்டில் சுட்ட செங்கல்லின் தூள் அரைப் பங்கு சேர்த்தால், காற்றுப் படாத உள்ளிடத்திலும் சாந்து இறுகும். பிடியாகச் சீமெந்து சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் விடவேண்டாம். சுண்ணாம்புக்குள் கொஞ்சச் சீமெந்து போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்காது.

10 சதுர மீற்றருக்கு 20 மில்லிமீற்றர் தடிப்பில், சேதாரம் சேர்த்து, ஏறக்குறைய 250 லீற்றர் மணலும் 100 லீற்றர் களியும் வேண்டும். மணல் பற்றியும் ஒரு சொல். வடமராட்சி மணற்குன்றுகளின் மணல் கண்ணுக்கு அழகு. ஆனால் பூச்சுக்கு அது மிக நுண்மை, எல்லாம் ஒரே அளவு, உருண்டை. களியோடு பிடிக்காது, சுருங்கி வெடிக்கும். உரிமம் உள்ளவரிடம் பருமனும் நுண்மையும் கலந்த கூர்மணல் வாங்கி, நல்ல தண்ணியில் உப்பு அளவு இறங்கும்வரை கழுவுங்கள். உவர்க்கிணற்று நீரால் கழுவினாலும் குழைத்தாலும் இவ்வளவு பாடும் வீண்.

உதிர்ந்த பள்ளங்களைச் சாந்தால் மட்டும் நிரப்பாமல் சிறு கற்சில்லுகள் வைத்து அடையுங்கள். மூட்டுகளை 25 மில்லிமீற்றர் ஆழம் சுரண்டித் தூசு போக்கி, முதல்நாள் மாலையும் அன்று காலையும் சுவருக்குத் தண்ணி தெளியுங்கள். முதற்பூச்சைக் கரண்டியால் வீசியெறிந்து 10 முதல் 12 மில்லிமீற்றர், அதற்குமேல் இல்லை. குறுக்குமறுக்காகக் கீறி விடுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும் நகத்தால் கீறினால் கோடு விழவும் வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதன் பிறகே அடுத்த பூச்சு, சற்று மெல்லியதாக. ஒவ்வொன்றுக்கும் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் நாளுக்கு மூன்று நான்கு தடவை நனையுங்கள்.

பூச்சு கெட்டால் அதன் முகமே காரணத்தைச் சொல்லும். வலைபோல் வெடித்தால் தண்ணியோ களியோ கூடிவிட்டது. கையில் மாவாக ஒட்டினால் வெயிலிலும் காற்றிலும் சடுதியாக உலர்ந்துவிட்டது. சிறு சிறு குழியாகத் தெறித்தால் நீறாத கட்டி உள்ளே இருந்தது. தகடாகக் கழன்றால் சுவரை நனைக்காமல் பூசியிருக்கிறார்கள்.

காலமும் முக்கியம். வாடைக்காற்று மாரியைக் கொண்டுவரும், தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் பூச்சை ஒரே நாளில் காய்ச்சிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனிதான் நமது கரையில் சுண்ணாம்பு வேலைக்கு வாய்த்த காலம். சோழகத்தில்தான் முடிகிறது என்றால் சாரத்தைச் சுற்றிச் சாக்குக் கட்டிக் காற்றை மறையுங்கள்.

இப்படிப் பூசினாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அடிப்பாகத்தை மீண்டும் பூசவேண்டி வரலாம். அதைக் குறையாக எடுக்கவேண்டாம். உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைந்துபோவதே அந்தப் பூச்சின் வேலை.

கேள்வி: சுண்ணாம்புக்களியை நாங்களே செய்யலாமா? பனங்கட்டியும் கடுக்காயும் போடவேண்டும் என்கிறார்களே? (சங்கானை வாசகர்)

பதில்: செய்யலாம், ஆனால் கவனமாக. சூளையில் சுட்டு அதிக நாள் ஆகாத சுண்ணாம்புக் கல்லாக வாங்குங்கள். கையில் எடுத்தால் பாரமில்லாமலும் தட்டினால் கணீரென்றும் இருக்கவேண்டும். பொடிந்து கிடந்தால் அது காற்றிலேயே நீறிப்போனது, பயனில்லை. கடலிலிருந்து முருகைக்கல் எடுத்துச் சுடுவதைச் சட்டம் தடைசெய்கிறது. முருகைப் பாறை இல்லாத கரையைக் கடல் அரிக்கும், அதனால் தடை நியாயமானது. நிலத்துச் சுண்ணாம்புக்கல்லில் சுட்டதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் பையில் வரும் சுண்ணாம்பில் மலைநாட்டு டொலமைட் கல்லில் சுட்டதும் உண்டு. அதன் ஒரு பகுதி மிக மெதுவாக நீறும், ஆகவே அதை இன்னும் நீண்டநாள் ஊறவைக்கவேண்டும்.

இரும்பு பீப்பாவில் முதலில் தண்ணி விடுங்கள். 1 கிலோ கல்லுக்கு 3 லீற்றர். தண்ணிக்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லின்மேல் தண்ணி ஊற்றினால் கொதித்துத் தெறித்து முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் உருகும். கண்ணாடி, கையுறை, நீளக்கை உடுப்பு இல்லாமல் கிட்டப் போகவேண்டாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நல்ல தண்ணியில் 20 நிமிடம் விடாமல் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொதி அடங்கும்வரை நீண்ட தடியால் கிளறி, மறுநாள் அரிதட்டில் வடித்து, நீறாத கற்களை எறிந்துவிட்டு, களியின்மேல் நாலு விரல் தண்ணி எப்போதும் நிற்கும்படி மூடி வையுங்கள். குறைந்தது மூன்று மாதம். கூட வைத்தால் இன்னும் வழுவழுப்பாக வரும். 1 கிலோ கல்லில் இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் களி கிடைக்கும். ஆக, மேலே சொன்ன 100 லீற்றருக்கு 45 முதல் 50 கிலோ கல் வேண்டும்.

பனங்கட்டி நீர் சாந்தை இளக்கி, குறைந்த தண்ணியில் குழைய உதவும். கடுக்காய் ஊறவைத்த நீர் பிடிப்பைக் கூட்டும். இரண்டும் நமது பழைய மேசன்மாரின் கைமுறை, அதை மதிக்கிறோம். ஆனால் ‘கூடப் போட்டால் கூடப் பலம்’ என்பது தவறு. பனங்கட்டி மிஞ்சினால் சாந்து இறுகுவது நாட்கணக்கில் தள்ளிப்போகும், பூஞ்சணமும் எறும்பும் வரும். களியின் உலர் எடையில் 5 வீதத்தைத் தாண்டாமல், முதலில் ஒரு முழச் சதுரத்தில் பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

கேள்வி: வெள்ளை அடிப்பதற்குப் பதிலாகக் கழுவக்கூடிய பெயின்ற் அடித்தால் நீண்டநாள் நிற்காதா? (மானிப்பாய் வாசகி)

பதில்: பெயின்ற் நிற்கும். சுவர் நிற்காது. பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்றும் சீமெந்தைப் போலத்தான் ஈரத்தை உள்ளே மறிக்கும். நீர்க்கொப்புளம்போல் ஊதுவது அதனால்தான். சுண்ணாம்புக்களியைப் பால்போல் கரைத்து, ஈரச் சுவரில், மெல்லியதாக நாலைந்து தடவை, தடவைக்கு ஒரு நாள் இடைவிட்டு அடியுங்கள். வெள்ளை மினுங்க நீலம் கொஞ்சம் கலப்பது பழைய வழக்கம், தீங்கில்லை. சில இடங்களில் பிடிப்புக்காக உப்புப் போடுவார்கள். வெளிச்சவீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், உப்புத்தானே அங்கே வியாதி.

கேள்வி: உச்சியிலுள்ள விளக்கறை, இரும்புக் கிராதி, கண்ணாடி வில்லை ஆகியவற்றை எப்படிச் சுத்தம் செய்வது? (தன்னார்வக் குழு ஒன்று, பருத்தித்துறை)

பதில்: முதலில் எச்சரிக்கை. பழைய சுழலும் விளக்குகள் பலவற்றில் தொன்கணக்கான வில்லைத் தொகுதி இலகுவாகச் சுற்றுவதற்காகப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிடப்பட்டிருந்தது. 1890 அளவில் பிரான்சில் தொடங்கிய முறை இது. விளக்கறையில் வட்டத் தொட்டி தெரிந்தாலோ தரை வெடிப்பில் வெள்ளி மணி போல ஏதும் மினுங்கினாலோ, ஒன்றையும் தொடாமல், பெருக்காமல் இறங்கி வந்துவிடுங்கள். பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. மூடிய சிறு அறையில் அது நரம்பைக் கெடுக்கும். அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுடையது.

வில்லை இருந்தால் அது பிரெனெல் வில்லையாக இருக்கலாம். 1823இல் பிரான்சின் கோர்துவான் வெளிச்சவீட்டில் முதன்முதல் ஏற்றப்பட்டது. ஒரு முழுத் தடிப்பான கண்ணாடிக்குப் பதிலாக வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கி, சிதறிப்போகும் ஒளியையும் அடிவானத்துக்குத் திருப்பிவிடும் வேலைப்பாடு. அளவை அறிய விளக்கின் நடுவிலிருந்து வில்லையின் முகம்வரை அளவுங்கள். 920 மில்லிமீற்றர் முதல்தரம், 500 மூன்றாம்தரம், 250 நான்காம்தரம். பட்டகங்களைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்திருப்பது ஈயம் கலந்த பழைய புட்டிப் பசை. ஸ்பிரிற், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் அதைக் கரைக்கும். காய்ச்சிவடித்த நீர், மென்மையான பருத்தித்துணி போதும். மோதிரம், பொத்தான், இடுப்புப்பட்டி படாமல் உடுத்திக்கொண்டு போங்கள். பகலில் வில்லையைத் திரையிட்டு மூடியே வையுங்கள். வெளியிலிருந்து வரும் வெயிலையும் அது குவிக்கும். அப்படிக் குவிந்த வெயிலால் தீப்பிடிக்கக்கூடும் என்பதற்காகவே காவலர்கள் விடிந்ததும் திரை இழுத்தார்கள்.

இரும்புக்கு: கறள் (துரு) இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். கல்லுக்குள் பதித்த கிராதிக்கால் கறள் பிடித்தால் ஊதிக் கல்லைப் பிளக்கும். ஆகவே கிராதியின் காலடியை முதலில் பாருங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும் என்றே கொள்ளவேண்டும். உலர உரஞ்சாமல் நனைத்து உரஞ்சி, தூளைத் துணியில் பிடித்து அகற்றுங்கள். நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவி, அன்றே நாகம் (துத்தநாகம்) செறிந்த முதற்பூச்சு, பிறகு எபொக்சி, மேலே வெயில் தாங்கும் பூச்சு. இரவு கழிந்தால் திரும்ப உப்புப் படிந்துவிடும். உடைந்த ஆணிக்குப் பதிலாகத் துருவேறா உருக்கு ஆணி போட்டால், அதைச் சுற்றியுள்ள பழைய வார்ப்பிரும்பு விரைவாக அரிபடும். இரண்டுக்கும் நடுவே நைலோன் வளையம் வையுங்கள். கூரை உச்சியிலுள்ள காற்றுப்போக்கியை மழை வருகிறதென்று அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கண்ணாடி வியர்க்கும், அந்த நீர் உட்சுவரில் வழியும். இடிதாங்கிக் கம்பி உச்சியிலிருந்து நிலம்வரை அறாமல் இருக்கிறதா, நிலத்தொடுப்பின் தடை 10 ஓமுக்குக் கீழா என்று வருடம் ஒருமுறை மின்னியலாளரைக்கொண்டு அளக்கவேண்டும்.

கேள்வி: கோபுரச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா? (கரவெட்டி வாசகர்)

பதில்: விரல் நீளக் கன்று என்றால் மழைக்குப் பின் மெதுவாகப் பிடுங்கலாம். தண்டு விரல் தடிப்பைத் தாண்டிவிட்டால் பிடுங்கவேண்டாம், வேர் நாலைந்து கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரோடு ஒட்ட வெட்டி, வெட்டுமுகத்தில் மட்டும் சிறு தூரிகையால் களைநாசினி தடவுங்கள். தளிர்த்தால் திரும்பவும். வேர் செத்து உலர்ந்த பிறகு, இளக்கிய சுண்ணாம்புக் கரைசலை அந்த வெடிப்பில் கீழிருந்து மேலாக ஊற்றி நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் வெளிச்சவீட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது? (காரைநகர் வாசகர்)

பதில்: தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்சின்னமாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. 1916 கட்டடம் அதற்குப் பிற்பட்டது. ஆகவே தானாகப் பாதுகாப்புக் கிடைக்காது, வர்த்தமானியில் தனியே அறிவிக்கப்படவேண்டும். பழைய கட்டடம் என்றாலே அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். கரையோரம் பேணல் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். சராசரி உயர்நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் அதன் எல்லை. அந்த எல்லைக்குள் கட்டுமான வேலை செய்ய அனுமதி வேண்டும்.

பிரதேச செயலகத்தின் ஊடாகத் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதுங்கள். காணி யாருடையது, கட்டடம் எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள், பல விண்ணப்பங்கள் அங்கேதான் நின்றுவிடுகின்றன. அமைவிடம், அளவுப்படம், நான்கு திசையிலும் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், தற்போதைய பழுது, வரலாற்றுச் சான்று ஆகியவை இணைப்பு. சான்றுக்குப் பிரித்தானியக் கடற்படை வெளியிட்ட பழைய கடல்வரைபடங்களும் விளக்குகளின் பட்டியல்களும் மிக நல்லவை. விளக்கின் உயரம், நிறம், எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். பொதுவேலைத் திணைக்களத்தின் பழைய நிர்வாக அறிக்கைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இங்கிருந்த ஆவணங்கள் எத்தனையோ சாம்பலாகின. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து மூன்று வேறு இடங்களில் வையுங்கள். சில முனைகளில் கடற்படை முகாம் அருகில் இருக்கிறது. படமெடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் சிறு ஆணிக்குறி வைத்து, மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்தால்தான் அது வெயிலுக்கு விரிந்து சுருங்குகிறதா, இல்லை வளர்ந்துகொண்டே போகிறதா என்று தெரியும். வளர்ந்தால் பொறியியலாளரை அழையுங்கள். அதுவரை அடைக்கவேண்டாம்.

கேள்வி: திருவிழாக் காலத்தில் கோபுரத்துக்கு அலங்கார விளக்குப் போட விரும்புகிறோம். ஏதும் தடை உண்டா? (வடமராட்சி இளைஞர் கழகம்)

பதில்: கோபுரத்தின் விளக்கு கடலுக்கு இன்னும் எரிகிறதென்றால், பொறுப்பான துறைமுக அதிகாரிகளிடம் கேட்காமல் ஒரு குமிழும் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் தனக்கென்று மின்னும் ஒழுங்கு உண்டு. மின்னி மின்னி எரியும் நிறவிளக்கு அந்த ஒழுங்கைக் குழப்பும், வள்ளத்தில் இடங்காட்டிக் கருவியின் மின்கலம் இறங்கிப்போன ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. விளக்கு அணைந்த கோபுரம் என்றாலும், சுவரில் துளையிட்டு ஆணி அடிக்கவேண்டாம். நிலத்தில் நிறுத்திய தாங்கியில், மறைப்புள்ள மஞ்சள் விளக்கைக் கரைப்பக்கத்திலிருந்து மட்டும், உச்சி மாடத்துக்குக் கீழே படும்படி திருப்பி வையுங்கள். கம்பிகளைச் சுவரில் சுற்றாமல் தரையோடு கொண்டுபோய், விழா முடிந்த மறுநாளே கழற்றிவிடுங்கள்.